சிறு விமானத்தில் ஒரு கருவி: யாருடைய பாதுகாப்பு?

அலுவிகாரையில் ஏ9 வீதியோரம் நின்றால் யாழ்ப்பாணம் போகும் பஸ்களைப் பார்க்கலாம். கண்டியில் தொடங்கும் இந்த வீதி, மாத்தளை நகரைத் தாண்டியதும் அலுவிகாரையைத் தொட்டு, நாவுல, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று வடக்கே போகிறது. இதே மாத்தளை மாவட்டத்தில்தான் விமானப்படையின் பொறுப்பிலுள்ள சீகிரிய விமானத்தளமும் இருக்கிறது. உல்லாசப் பயணிகளை ஏற்றிவரும் சிறு விமானங்கள் அங்கே இறங்குகின்றன. கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் நக்கிள்ஸ் மலைத்தொடர், பாதி நாட்கள் முகிலுக்குள் மறைந்திருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை உட்பட மலையக மாவட்டங்களில் வீதிகள் அறுந்தன. மண்சரிவுக்கு அப்பால் சிக்கியவர்களை அடைய ஹெலிகொப்டர்களைத் தவிர வேறு வழி பல இடங்களில் இருக்கவில்லை. அந்த நாட்களில் நிவாரணப் பணியில் இருந்த விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் ஒன்று லுணுவிலவில் வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார். தரைவழி அறுந்தால் வான்வழிதான் என்பதை வடக்கு, கிழக்கு மக்கள் போர்க்காலத்திலேயே அறிந்துகொண்டார்கள். இப்போது மலையகமும் அறிந்திருக்கிறது.

அதனால், பணக்காரர்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவைக்கும் ஒரு விடயத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒரு சிறு விமானத்தில் வழிகாட்டும் கருவியை யார் பொருத்தலாம், எப்படிப் பொருத்தலாம், யார் அனுமதிக்கவேண்டும் என்பதே அந்த விடயம். பொறியியலாளர்களின் கோப்பில் இருக்கவேண்டிய கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் இந்த நாட்டில் இதே கேள்வியைச் சுற்றி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இறந்தார்களா, இருக்கிறார்களா என்று தெரியாமல் அவர்களின் குடும்பங்கள் பல வருடங்கள் காத்திருந்திருக்கின்றன.

ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லை இரண்டு விடயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். விமானம் மலையில் மோதாமல் பத்திரமாக இறங்குவதும் பாதுகாப்பு. அந்த விமானத்தால் அரசுக்கு ஆபத்து வராமல் காவல் செய்வதும் பாதுகாப்பு. முதலாவது பயணியைப் பற்றியது, இரண்டாவது பயணியையும் சந்தேகிக்கக்கூடியது. உலகின் விமானத்துறைச் சட்டங்கள் இவ்விரண்டையும் தனித்தனிப் பெயர்களில், தனித்தனி ஆவணங்களில் வைத்திருக்கின்றன. நம் அனுபவத்தில் இரண்டாவது பாதுகாப்பு முதலாவதை விழுங்கியே வந்திருக்கிறது.

வழிகாட்டும் கருவிக்கும் அதேபோல இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று விமானிக்குச் சொல்வது. ஜீபிஎஸ் ஏற்பி, தரையிலுள்ள வானலை நிலையங்களைக் கேட்கும் கருவிகள், மலை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி ஆகியவை இந்த வகை. மற்றையது, ‘இந்த விமானம் இங்கே இருக்கிறது’ என்று வெளியுலகுக்குச் சொல்வது. ரேடாருக்குப் பதில் தரும் கருவியும், தன் இடத்தையும் உயரத்தையும் ஏறத்தாழ ஒவ்வொரு செக்கனும் அறிவிக்கும் ஏடிஎஸ்-பியும், விபத்தின் அதிர்ச்சியில் தானாக விழித்துச் செய்மதிக்குச் செய்தி அனுப்பும் அவசர இடங்காட்டியும் இரண்டாவது வகை.

பயணிக்கு இந்த இரண்டு முகங்களும் தேவை. முதலாவது விபத்தைத் தடுக்கிறது. விபத்து நடந்துவிட்டால் மீட்பவர்களையும் உறவினர்களையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இரண்டாவது.

பொருத்துவதற்கு ஏன் விதி?

கைத்தொலைபேசியிலேயே ஜீபிஎஸ் இருக்கும் காலத்தில், விமானத்தில் ஒன்றை வைப்பதற்கு ஏன் இவ்வளவு அனுமதி என்று கேட்கலாம். கையில் எடுத்துச்செல்லும் கருவிக்குப் பெரிய தடை இல்லை. விமானி அதை ஒரு துணையாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் முகிலுக்குள் வெளியே எதுவும் தெரியாமல் பறக்கும்போது அதை நம்பி இறங்கமுடியாது. விமானத்தோடு நிரந்தரமாக இணைக்கப்படும் கருவிக்குத்தான் சட்டம் வருகிறது.

காரணங்கள் எளிமையானவை. புதிய கருவி விமானத்தின் மின்சாரத்தில் பங்கு கேட்கும். மின்பிறப்பாக்கி அதைத் தாங்குமா என்று கணக்குப் பார்க்கவேண்டும். அதன் மின்காந்த அலைகள் காந்தத் திசைகாட்டியையும் மற்ற வானலைக் கருவிகளையும் குழப்பக்கூடும். அன்ரனாவுக்காக விமானத்தின் உடலில் துளையிட்டால் அந்த இடம் பலவீனமாகும். எடை மாறும், எடையின் மையமும் நகரும். இவற்றைச் சோதித்து, தகுதிபெற்ற பராமரிப்புப் பொறியியலாளர் ஒப்பமிட்டு, விமானத்தின் பதிவேட்டில் எழுதவேண்டும். விமானியின் கைநூலிலும் ஒரு இணைப்புச் சேரவேண்டும். சிறிய மாற்றமா பெரிய மாற்றமா என்பதைப் பொறுத்து அனுமதியின் படிகள் கூடும் அல்லது குறையும். கருவிக்குள் இருக்கும் வான்பாதைத் தரவுகளையும் 28 நாள் சுற்றில் புதுப்பிக்கவேண்டும்.

கருவி இருப்பது மட்டும் போதாது, சரியாகப் பொருத்தப்பட்டிருக்கவேண்டும் என்பதற்கு அலாஸ்காவில் நடந்த ஒரு விபத்து உதாரணம். 2010 ஓகஸ்ட் 9ஆம் திகதி, 9 பேருடன் சென்ற ஒரு சிறு தனியார் விமானம் மலைச்சரிவில் மோதியது. அமெரிக்காவின் முன்னாள் செனட்டர் ரெட் ஸ்டீவன்ஸ் உட்பட 5 பேர் இறந்தார்கள். விமானத்தில் அவசர இடங்காட்டி இருந்தது. ஆனால் மோதலின்போது அது பொருத்தியிருந்த தட்டிலிருந்து கழன்று, அன்ரனா இணைப்பு அறுந்துபோனது. கருவி இருந்தும் அதன் குரல் வெளியே கேட்கவில்லை. உயிர் தப்பியவர்கள் காயங்களோடு மணிக்கணக்கில் மலையில் காத்திருந்தார்கள்.

ஏழு கன்னியர் மலை

கருவியை வைத்திருப்பதற்கும் அதை நம்பத்தகுந்த முறையில் பயன்படுத்துவதற்கும் இடையிலுள்ள தூரத்தை இலங்கை மிகக் கொடூரமாகக் கண்டிருக்கிறது. 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்க நோக்கி வந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், மஸ்கெலியாவுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதியது. 182 யாத்திரிகர்களும் 9 பணியாளர்களும், 191 பேரும் இறந்தார்கள். இந்த நாட்டில் நடந்த மிகப்பெரிய விமான விபத்து இன்றுவரை அதுதான்.

அந்த விமானத்தில் வழிகாட்டும் கருவி இல்லாமல் இல்லை. டொப்ளர் முறைக் கருவியும் வானிலை ரேடாரும் இருந்தன. அவற்றை நம்பியே விமானிகள் தாங்கள் இருந்த இடத்தைக் கணித்தார்கள். விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி உயரத்தைக் குறைத்தார்கள். உண்மையில் அவர்களுக்குக் கீழே மலைநாடு இருந்தது. அந்தக் கருவிகள் தந்த தகவலைத் தவறாக விளங்கிக்கொள்ள இடமிருந்தது என்பதே விசாரணையின் முடிவு.

தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கும் அந்த மலையின் கதையை மலையகத்தின் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் மலை தன் வேலையை நிறுத்தவில்லை. 2020 ஜனவரி 3ஆம் திகதி, விமானப்படையின் வை-12 ரகச் சிறு விமானமொன்று ஹப்புத்தளையில் வீழ்ந்து அதில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். மலையும் முகிலும் சேர்ந்த ஒரு நாட்டில், சிறு விமானத்துக்குள் எந்தக் கருவி இருக்கிறது என்பது அலங்காரக் கேள்வி ஆகாது.

பலாலியிலிருந்து புறப்பட்ட விமானம்

கருவியின் இரண்டாவது முகத்தைப் பற்றிப் பேச 1998க்குப் போகவேண்டும். அப்போது ஏ9 மூடப்பட்டிருந்தது. இதே அலுவிகாரை வழியாகப் போகும் வீதி வவுனியாவுக்கு அப்பால் போர்க்களமாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வர விரும்பியவர்களுக்குக் கப்பலும் விமானமும்தான் வழி. இரண்டுக்கும் படைத்தரப்பின் அனுமதி வேண்டும்.

1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் 602 விமானம், சில நிமிடங்களில் தொடர்பு அறுந்து மறைந்தது. அன்ரனோவ்-24 ரகத்தைச் சேர்ந்த அந்த விமானத்தில் 48 பயணிகளும் 7 பணியாளர்களும் இருந்தார்கள். பயணிகள் அனைவரும் தமிழர்கள். மன்னாருக்கு வடக்கே கடலுக்கு மேலே பறந்தபோது விடுதலைப் புலிகளின் ஏவுகணை அதை வீழ்த்தியது என்பது பின்னர் வந்த புலனாய்வின் முடிவு. தமிழ் மக்களின் பெயரால் போராடிய இயக்கத்தின் கையால் தமிழ்ப் பயணிகள் கொல்லப்பட்டார்கள் என்ற இந்த உண்மையை நம் ஊடகங்களும் நாமும் போதுமான அளவு பேசவில்லை. பேசாமல் விட்டதன் சுமையை அந்தக் குடும்பங்களே தனியாகச் சுமந்தன.

சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012 ஒக்டோபரில், இரணைதீவுக்கு அருகே. 14 வருடங்கள் கழிந்திருந்தன. தடுத்துவைக்கப்பட்டிருந்த முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் தந்த தகவலைத் தொடர்ந்தே கடற்படைச் சுழியோடிகள் அங்கே இறங்கினார்கள். 2014 ஜனவரியில், கடலிலிருந்து மீட்கப்பட்ட உடைகள் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் உறவினர்களுக்குக் காட்டப்பட்டன. 15 வருடங்களுக்கு முன் பலாலியில் வழியனுப்பிய ஒருவரின் சட்டையையோ சேலையையோ தேடி மனிதர்கள் அந்த மேசைகளைச் சுற்றி நடந்தார்கள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த விமானத்தில் எந்த நவீன கருவி இருந்திருந்தாலும் அந்த 55 உயிர்களை அது காப்பாற்றியிருக்காது. அவசர இடங்காட்டியின் அலைகள் நீரைத் தாண்டி வெளியே வருவதும் இல்லை. கடலில் வீழ்ந்த விமானத்தைத் தேடுவதற்கு வேறொரு கருவி இருக்கிறது. பறப்புப் பதிவுப் பெட்டியோடு இணைந்திருக்கும் அது, தண்ணீர் பட்டதும் ஒலித்துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். பழைய வகை 30 நாட்களும் புதிய வகை 90 நாட்களும் ஒலிக்கும். அந்த நாட்களுக்குள் யாராவது வந்து கேட்டால்தான் பயன்.

யாராவது வந்து கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அருகிலேயே ஒரு உதாரணம் உண்டு. 2015 ஜூன் 8ஆம் திகதி இந்தியக் கடலோரக் காவற்படையின் டோர்னியர் ரகச் சிறு விமானம் 3 பேருடன் தமிழகக் கரைக்கு அப்பால் மறைந்தது. கப்பல்கள் தேடின, ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அந்த ஒலித்துடிப்பைக் கேட்டது. ஒரு மாதம் கடந்த சில நாட்களில், ஒரு கிலோமீற்றருக்கு நெருங்கிய ஆழத்திலிருந்து பதிவுப் பெட்டி மீட்கப்பட்டது. அவ்வளவு ஆழத்தில் இருந்த விமானத்துக்கு ஒரு மாதம் போதுமாயிருந்தது. இரணைதீவைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலில் கிடந்த விமானத்துக்கு 14 வருடங்கள் தேவைப்பட்டன. ஒன்று அரசின் விமானம், அமைதிக்காலம். மற்றையது போர்க்காலத்தில் தமிழர்கள் பயணித்த விமானம். அந்தக் கடலில் யார் தேடுவது என்பதையும் போரே தீர்மானித்தது. கருவிக்குப் பின்னால் தேடுவதற்கான விருப்பமும் வழியும் இருக்கவேண்டும் என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

269 உயிர்கள் திறந்துவிட்ட ஜீபிஎஸ்

இன்று உங்கள் தொலைபேசியில் இருக்கும் ஜீபிஎஸ்ஸின் கதையிலும் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு விமானம் இருக்கிறது. 1983 செப்டெம்பர் 1ஆம் திகதி, கொரியன் எயார் 007 விமானம் அலாஸ்காவிலிருந்து சியோல் நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. தன்னியக்கச் செலுத்தி வழிகாட்டும் அமைப்போடு இணையாமல், ஒரே திசையைப் பிடித்தபடி பறக்கும் நிலையில் இருந்தது. அதை விமானிகள் கவனிக்கவில்லை. பாதை விலகிச் சோவியத் வான்பரப்புக்குள் போன விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள்.

அதன்பிறகு இரண்டு விடயங்கள் நடந்தன. அமெரிக்கா, இராணுவத்துக்காக உருவாக்கிக்கொண்டிருந்த ஜீபிஎஸ் முறையைச் சிவில் விமானங்களுக்கும் இலவசமாகத் திறந்துவிடுவதாக அந்த மாதமே அறிவித்தது. அடுத்த வருடம், 1984 மே மாதத்தில், பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்துக்கு எதிராக ஆயுதம் பயன்படுத்துவதை அரசுகள் தவிர்க்கவேண்டும் என்ற உறுப்புரை, 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையில் 3 பிஸ் என்ற இலக்கத்தில் சேர்க்கப்பட்டது. அந்த உறுப்புரை நடைமுறைக்கு வருவதற்கு 14 வருடங்கள் எடுத்தன. நடைமுறைக்கு வந்த நாள் 1998 ஒக்டோபர் 1. லயன் எயார் 602 மறைந்து இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன.

அந்த உறுப்புரை அரசுகளைக் கட்டுப்படுத்துவது. ஆயுத இயக்கங்களை நேரடியாகப் பேசுவது இல்லை. ஆனாலும் பொதுமக்களை இலக்குவைக்கக்கூடாது என்ற போர்ச்சட்டம் எல்லாத் தரப்புக்கும் பொருந்தும். இராணுவத்தின் கையில் இருந்த ஒரு தொழில்நுட்பத்தைப் பயணிகளின் உயிருக்காகத் திறந்துவிடலாம் என்று 1983இல் உலகம் ஏற்றுக்கொண்டது. இலங்கையில் அந்தத் திசையில் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

சந்தேகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

அரசின் சந்தேகம் காரணமே இல்லாதது என்று சொல்லமுடியாது. 2007 மார்ச் 26ஆம் திகதி அதிகாலை, விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு வீசின. அவை செக் நாட்டில் தயாரிக்கப்பட்ட ஸ்லின் 143 ரகம். நான்கு பேர் அமரக்கூடிய, பறக்கப் பழகுவதற்கும் தனியார் பாவனைக்குமான விமானங்கள். வன்னியிலிருந்து இருளில் புறப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வந்து, இலக்கைக் கண்டு, திரும்பியும் போயின. 2009 பெப்ரவரி 20ஆம் திகதி வரை அவ்வாறான தாக்குதல்கள் தொடர்ந்தன. ஒரு சிறு தனியார் விமானமும் அதற்கு வழிகாட்டும் ஏற்பாடும் சேர்ந்தால் போராயுதமாகலாம் என்பதை இந்த நாடு கண்டது.

ஆனால் அந்தப் பயத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் வரலாறுதான். பற்றரி, மண்ணெண்ணெய், சீமெந்து, யூரியா என்று நீண்ட தடைப்பட்டியலோடு வாழ்ந்த மக்களுக்கு, ஒரு சாதாரணப் பொருள் எப்படிப் ‘பாதுகாப்பு’ விடயமாக மாறும் என்பதை விளக்கத் தேவையில்லை. போர் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு சில நாட்களில் ட்ரோன்கள் முற்றாகத் தடைசெய்யப்பட்டன. தடை தளர்ந்த பின்னரும், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் கதவோடு பாதுகாப்பு அமைச்சின் கதவையும் தட்டவேண்டியிருக்கிறது.

விமானத்தில் வானலைக் கருவி பொருத்துவதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. சிகாகோ உடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரையே அதைச் சொல்கிறது. இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அதிகாரசபை அதை நடைமுறைப்படுத்துகிறது. வானலைகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பொறுப்பு. சீகிரிய போன்ற ஓடுபாதைகள் விமானப்படையின் கையில். எனவே ஒரு சிறு சிவில் விமானம் பயணியை ஏற்றி இறக்கும் பாதையில் பல அலுவலகங்கள் இருக்கின்றன. ஆபத்து எங்கே என்றால், பயணியின் உயிரைப் பற்றிய கேள்வி இந்த அலுவலகங்களுக்கு நடுவே கடைசிக் கேள்வியாகிவிடக்கூடும்.

மற்ற நாடுகள் செய்த திருத்தம்

கடுமையான விதி எப்போதும் பாதுகாப்பைக் கூட்டும் என்பது சரியில்லை. இதை அமெரிக்காவும் ஐரோப்பாவும் தாமதமாகவே உணர்ந்தன. பெரிய பயணிகள் விமானத்துக்கான அதே சான்றிதழ் முறையை இரண்டு பேர் அமரும் பழைய செஸ்னாவுக்கும் வைத்தபோது, கருவியின் விலையை விட அனுமதியின் விலை கூடியது. உரிமையாளர்கள் கருவியே வாங்காமல் பறந்தார்கள். விதி காகிதத்தில் உயர்ந்து நின்றது. விமானத்துக்குள் பழைய கருவிகளே இருந்தன.

அதனால் 2015இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம் சிறு விமானங்களுக்கு ஒரு நிலையான மாற்றப் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் உள்ள கருவியை, அதில் எழுதியுள்ள முறைப்படி, தகுதிபெற்றவர் பொருத்தினால் தனி அனுமதி தேவையில்லை. அமெரிக்க அதிகாரிகளும் 2016இல், சட்டம் கட்டாயப்படுத்தாத ஆனால் உயிர்காக்கக்கூடிய கருவிகளுக்கு எளிய வழி ஒன்றைத் திறந்தார்கள். அதேவேளை கட்டாயத்தைக் கூட்டவேண்டிய இடத்தில் கூட்டினார்கள். 2020 ஜனவரி 1 முதல், அமெரிக்காவின் நெரிசலான வான்பரப்புகளில் பறக்கச் சிறு விமானங்களுக்கும் ஏடிஎஸ்-பி கட்டாயம்.

அவசர இடங்காட்டியிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2009 பெப்ரவரி 1ஆம் திகதியிலிருந்து சர்வதேசச் செய்மதி வலையமைப்பு 121.5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் கேட்பதை நிறுத்தியது. இப்போது 406 மெகாஹேர்ட்ஸ் கருவிகளின் குரலையே அது கேட்கும். புதிய கருவி ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தை உரிமையாளரின் பெயர், தொலைபேசியோடு பதிவுசெய்தால்தான் மீட்புப் பணியினர் யாரைக் கேட்பது என்று அறிவார்கள். பழைய கருவியைப் பெயருக்கு வைத்திருக்கும் விமானம், செய்மதியைப் பொறுத்தவரை ஊமை.

ஜீபிஎஸ் ஒன்றையே நம்புவதும் முடிந்த முடிவாகாது. 2023இன் பிற்பகுதியிலிருந்து போர்ப் பிரதேசங்களை அண்டிய வான்பரப்புகளில் பொய்யான ஜீபிஎஸ் அலைகளால் சிவில் விமானங்கள் தாங்கள் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டப்பட்டன. 2024 டிசெம்பர் 25ஆம் திகதி, ஜீபிஎஸ் குழப்பப்பட்ட ரஷ்ய வான்பரப்பில் ஏவுகணைச் சிதறல்களால் தாக்கப்பட்ட அசர்பைஜான் பயணிகள் விமானம் கஸகஸ்தானில் வீழ்ந்து, 67 பேரில் 38 பேர் இறந்தார்கள். லயன் எயார் 602 பழைய கதை என்று எண்ணுபவர்கள் இதையும் பார்க்கவேண்டும். போர் நடக்கும் இடத்துக்கு மேலே பறக்கும் பயணியின் நிலை இன்னும் அதேதான். பழைய தரைநிலையங்களை மூடிவிடாமல் மாற்றுவழியாக வைத்திருக்கவேண்டும் என்று உலக நாடுகள் இப்போது பேசுவதற்கும் காரணம் இதுவே.

நாம் கேட்கவேண்டியவை

யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி திறக்கப்பட்டது. இடையில் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் சிவில் பாவனைக்கு வந்தது. உள்ளூர்ச் சிறு விமானச் சேவைகளை வளர்க்கவேண்டும் என்ற பேச்சும் தொடர்கிறது. வடக்குக்கும் கிழக்குக்கும் மலையகத்துக்கும் அது நல்லது. நோயாளியைக் கொண்டுசெல்லவும், வெள்ளத்தில் உதவி சேர்க்கவும் சிறு விமானம் தேவை. ஆனால் அந்த வளர்ச்சிக்கு முன்னர் சில விடயங்களை மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கவேண்டும்.

முதலாவது, சிறு விமானங்களில் உயிர்காக்கும் கருவிகளைப் பொருத்துவதற்கு எளிய, வெளிப்படையான ஒரு பட்டியல் வேண்டும். மலை எச்சரிக்கைக் கருவி, 406 மெகாஹேர்ட்ஸ் இடங்காட்டி, ஏடிஎஸ்-பி ஆகியவை அதில் முதலில் வரவேண்டும். எந்த அலுவலகம் எத்தனை நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். பாதுகாப்பு அமைச்சு மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தரவேண்டும்.

இரண்டாவது, பயணிகளை ஏற்றும் ஒவ்வொரு சிறு விமானத்திலும் எந்தக் கருவிகள் உள்ளன, இடங்காட்டி பதிவுசெய்யப்பட்டதா என்பது பொதுமக்கள் பார்க்கக்கூடிய தகவலாக இருக்கவேண்டும். ரயரையும் பிரேக்கையும் பார்த்து பஸ்ஸில் ஏறும் உரிமை நமக்கு இருக்கிறது. இதுவும் அதே உரிமைதான்.

மூன்றாவது, விமானம் தரும் இடத்தகவல் யார் கைக்குப் போகிறது, எவ்வளவு காலம் வைக்கப்படுகிறது, எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதற்கு எல்லை வேண்டும். மீட்பதற்காகத் தந்த தகவல் கண்காணிப்பதற்கான தகவலாக மாறிவிடுவதை நாம் வேறு துறைகளில் பார்த்திருக்கிறோம்.

நான்காவது, விமானம் மறைந்தால் தேடுதலும் விசாரணையும் குடும்பங்களுக்குப் பதில்சொல்லவேண்டியவை ஆக்கப்படவேண்டும். சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, இறுதி அறிக்கையை முடிந்தால் 12 மாதங்களுக்குள் வெளியிடச் சொல்கிறது. அந்த அறிக்கை இறந்தவரின் தாய் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கவேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. விமானத்துறை விதிகளும் அறிக்கைகளும் ஆங்கிலத்தோடு நின்றுவிடுவதற்கு, தொழில்நுட்பம் என்ற காரணத்தை இனியும் ஏற்கமுடியாது.

அலுவிகாரைக் குகைகளைப் பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லும் ஒரு வரலாறு உண்டு. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாக இருந்த பௌத்த நூல்கள் அவற்றை நினைவில் வைத்திருந்த பிக்குகளோடு அழிந்துவிடுமோ என்ற பயத்தில், இங்கேதான் அவை முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டனவாம். மனிதர் இறந்தாலும் அவர் அறிந்தது இருக்கவேண்டும் என்பதற்காக எழுதினார்கள்.

விமானத்தின் பதிவேட்டில் எழுதப்படும் ஒரு வரிக்கும், கருவிக்குள் பதிவாகும் ஓர் இலக்கத்துக்கும் அதைவிட வேறு நோக்கம் இல்லை. லயன் எயார் 602இல் ஏறியவர்களின் குடும்பங்கள் 14 வருடங்கள் கேட்டது ஒரு இடத்தின் பெயரை மட்டும்தான். அந்தப் பதில் கடலடியில், கரைக்கு அருகில் கிடந்தது. இனி ஒரு விமானம் பலாலியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ சீகிரியவிலிருந்தோ எழும்பும்போது, அது எங்கே இருக்கிறது என்பதை அறியும் உரிமை, அதை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கும் இருக்கவேண்டும்.